கொழுகொம்பில்லாக் கொடிகள்

நுழையும்முன்

கோயில் நிலைக்காலிலும் சேலைக் கரையிலும் வாசற்கோலத்திலும் நாம் நாள்தோறும் காணும் வடிவம் கொடி. பூத்துத் தொங்கும் ஒரு கொடியைத் தம் முதுமைக் காலத்தில், பார்வை மங்கிவந்த நிலையில், பெரிய திரைச்சீலைகளில் தீட்டினார் பிரான்சு நாட்டு ஓவியர் ஒருவர். அவ்வோவியங்கள் எவ்வாறு தோன்றின? அவற்றுக்கென எண்ணப்பட்ட சுவரை அவை ஏன் அடையவில்லை? நம் நாட்டு ஓவிய மரபோடு சேர்த்து இவற்றை ஆராய்கிறது இக்கட்டுரை.

கோடும் கொடியும்

தனித்து நிற்க இயலாதது கொடி. பற்றிப் படர அதற்கு ஒரு துணை வேண்டும். அத்துணையைக் கொழுகொம்பு என்றனர் நம் முன்னோர். பற்றுக்கோடின்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரை ஈந்த பறம்புமலைத் தலைவன் பாரி தமிழர் நினைவில் இன்றும் நிற்கிறான். அவனது கொடைத்திறத்தைப் பலரும் போற்றுவர். காற்றில் அலைந்த கொடியின் தவிப்பை அவன் கண்ணுற்றதைப் பேசுவோர் குறைவு. அன்று அவன் அக்கொடியைப் பாராது கடந்திருந்தால் தேரும் இல்லை, கொடையும் இல்லை.

நம் சிற்பிகளும் கொடியைக் கூர்ந்து பார்த்தவர்களே. கோயில் வாயிலின் நிலைக்காலில் அடியிலிருந்து உச்சிவரை சுருண்டு சுருண்டு ஏறும் கொடி வேலைப்பாட்டைக் கொடிக்கருக்கு என்பர். அடுத்தமுறை கோயிலுக்குச் செல்லும்போது வாயிலில் சற்று நின்று அதனை நோக்குங்கள். இலை எங்கே முடிகிறது, தண்டு எங்கே தொடங்குகிறது என்பதில் ஐயமே எழாது. கல்லில் விளிம்பு தெளிவாக இருந்தாக வேண்டும். விளிம்பு தவறினால் உருவம் தவறிவிடும்.

ஓவியத்திலும் நம் மரபு கோட்டையே உயிராகக் கொண்டது. வண்ணம் பூசாது கோட்டால் மட்டும் வரைந்த ஓவியத்தைப் புனையா ஓவியம் என்று சங்க இலக்கியம் குறிக்கிறது. செஞ்சி அமைந்துள்ள அதே விழுப்புரம் மாவட்டத்தில், பனைமலை என்னும் சிற்றூரின் குன்றின்மீது, பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. அங்குள்ள சிற்றாலயம் ஒன்றின் சுவரில் முடியணிந்து, தலைமேல் குடை நிழற்ற, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. சிவபெருமானின் ஆடலைத் தேவி கண்டு நிற்கும் காட்சி அது என்பர் அறிஞர். சுதை பெயர்ந்து, வண்ணம் வெளிறி, ஏறத்தாழ 1300 ஆண்டுகள் கடந்தும் அந்த உருவை நம்மால் அடையாளம் காண முடிகிறதெனில் அதற்குக் காரணம் கோடு. வண்ணம் போனபின்னும் கோடு நின்றது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலின் அறிவர் கோயிலில் இதைவிட விரிந்த காட்சியொன்று உண்டு. அங்குக் குடைவரையின் மேற்கூரையில் ஒரு தாமரைக்குளமே தீட்டப்பட்டுள்ளது. மீன்கள், வாத்துகள், யானை, எருமை ஆகியன அதில் உள்ளன. தாமரைகளைக் கொய்து ஏந்திய ஆடவரும் இருக்கின்றனர். கீழே இருக்க வேண்டிய குளம் நம் தலைக்குமேல் விரிகிறது. ஒவ்வோர் இதழும் தனித்தனியே எண்ணத்தக்கதாய் உள்ளது. அவ்வோவியரை அழைத்து, ‘இலையின் விளிம்பை நீக்கிவிட்டு இலைமீது விழும் வெயிலை மட்டும் வரைக’ என்று கேட்டிருந்தால் அவர் வியந்திருப்பார்.

ஒளியைத் தொடர்ந்தவர்

அத்தகைய ஒரு முயற்சியை மேற்கொண்டவர் குளோட் மோனே. 1840ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று பாரிசு நகரில் பிறந்து, லெ ஆவ்ர் என்னும் துறைமுக நகரில் வளர்ந்தவர். அவரும் நண்பர்களும் 1874இல் பாரிசில் ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்தினர். அதில் மோனே வைத்த துறைமுகக் காட்சியின் பெயர் ‘மனப்பதிவு: சூரிய உதயம்’. அப்பெயரைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்னும் இதழாளர் அக்குழுவினர் அனைவரையும் ‘மனப்பதிவாளர்கள்’ என்று எள்ளி எழுதினார். ஏளனமாக இட்ட பெயரே பின்னர் இம்ப்ரெஷனிசம் என்னும் இயக்கத்தின் பெயராக நிலைத்தது. தமிழில் இதனை மனப்பதிவியம் என்கிறோம்.

இவர்களின் நோக்கத்தைச் செஞ்சியில் வாழும் மாணவர் எளிதில் உணரலாம். இராசகிரியை விடியற்காலையில் பாருங்கள். பாறைகள் சாம்பல் கலந்த நீலமாய்த் தோன்றும். உச்சிவேளையில் அதே பாறைகள் வெளுத்து, நிழலின்றி, தட்டையாகத் தெரியும். மாலையில் செம்பொன்னாய் மாறும். மலை மாறவில்லை. அப்படியாயின் ‘இராசகிரியின் நிறம் யாது?’ என்னும் வினாவுக்கு விடை என்ன? பாறைக்குரிய நிறத்தைப் பூசுவது பழைய மரபு. இந்த நாழிகையில் இந்த ஒளியில் என் கண்ணுக்கு எட்டும் நிறத்தையே பூசுவேன் என்றனர் மனப்பதிவாளர்கள்.

மோனே இதனை இறுதிவரை கொண்டுசென்றார். 1890இலும் அடுத்த ஆண்டிலும் அவர் தம் வீட்டருகே இருந்த வைக்கோற்போர்களை மீண்டும் மீண்டும் தீட்டினார். பல திரைச்சீலைகளை உடன் வைத்துக்கொண்டு, ஒளி மாறியவுடன் ஒன்றை விடுத்து அடுத்ததை எடுப்பார். ரூவான் நகரத்துப் பேராலயத்தின் முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். வைக்கோற்போரில் வரைய என்ன இருக்கிறது என்று நம் ஊர் உழவர் கேட்கக்கூடும். வைக்கோற்போரை வரைவது அவர் நோக்கமன்று. தமக்கும் அதற்கும் இடையே உள்ள காற்றையும் ஒளியையும் வரைவதே அவர் விரும்பியது.

இதற்கேற்ற தொழில்முறையும் அவர்களிடம் இருந்தது. வண்ணங்களைத் தட்டில் கலந்து ஒரே நிறமாக்காமல், சிறு சிறு தீற்றல்களாக அருகருகே வைத்தனர். எட்ட நின்று பார்ப்பவரின் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும். நிழலுக்குக் கருமை பூசாமல் நீலமும் ஊதாவும் பூசினர். குழாய்களில் அடைத்த வண்ணம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைக்கத் தொடங்கியதால் அறையை விட்டு வெளியேறி வயலிலும் ஆற்றங்கரையிலும் நின்று தீட்ட முடிந்தது. ஓவியரைக் குறிக்கப் பழந்தமிழில் கண்ணுள் வினைஞர் என்றொரு சொல் உண்டு. காண்போர் கண்ணில் தம் தொழிலை நிறுத்துபவர் என்று அதற்கு விளக்கம் கூறுவர். மோனேயைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல்லை எம்மொழியிலும் தேட வேண்டியதில்லை.

ஜிவெர்னித் தோட்டம்

பாரிசுக்கு வடமேற்கே, செய்ன் ஆற்றின் அருகே உள்ள சிற்றூர் ஜிவெர்னி. 1883இல் மோனே அங்குக் குடியேறினார். 1890இல் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். 1893இல் சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் அப்பால் இருந்த நிலத்தையும் வாங்கி, அருகில் ஓடிய சிற்றோடையின் நீரைத் திருப்பி ஒரு குளம் அமைக்க முற்பட்டார். ஊரார் அதனை எதிர்த்தனர். அயல்நாட்டுச் செடிகளை வளர்த்தால் ஓடைநீர் நஞ்சாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். வாய்க்கால் நீருக்கு வழக்காடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று! இறுதியில் அவருக்கு ஒப்புதல் கிடைத்தது. அக்குளத்தில் அல்லி வளர்த்தார். 1895 அளவில் அதன் குறுக்கே வளைந்த மரப்பாலம் ஒன்று அமைந்தது. ஜப்பானிய மர அச்சு ஓவியங்கள் இருநூறுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தவர் மோனே. பாலத்தின் வடிவம் அவ்வோவியங்களை ஒட்டியது.

தோட்டத்தைப் பேணப் பணியாளர் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் படகில் சென்று அல்லி இலைகளின்மீது படிந்த தூசியைக் கழுவி, காய்ந்தவற்றை அகற்றுவார். வண்டிகள் எழுப்பும் புழுதி அல்லிகள்மேல் படியாதிருக்க அருகிலிருந்த சாலைக்கு மோனே தார் இடச் செய்தார் என்றும் கூறுவர். ஓவியர் ஒருவர் தாம் வரையப்போகும் காட்சியையே முதலில் மண்ணிலும் நீரிலும் உருவாக்கி, அது வளரும்வரை பல்லாண்டுகள் காத்திருந்தார் என்பது ஓவிய வரலாற்றில் அரியதொரு செய்தி. தோட்டக்கலையில் நாட்டமுள்ளவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் அருமை தெரியும்.

பாலத்தின்மேல் பின்னர்ப் பந்தல் ஒன்று எழுப்பப்பட்டது. அதில் படரவிடப்பட்டது விஸ்டீரியா என்னும் கொடி. சீனாவையும் ஜப்பானையும் தாயகமாகக் கொண்ட இதனைப் பிரெஞ்சு மொழியில் கிளிசின் என்பர். தமிழ்நாட்டுச் சமவெளியில் இதனைக் காண்பது அரிது. எனினும் கற்பனை செய்வது கடினமன்று. சரக்கொன்றையின் பூங்கொத்து மஞ்சளாகத் தொங்குவதை அறிவீர்கள். அச்சரத்திற்குக் காக்கணம் என்னும் சங்குப்பூவின் நீலத்தையும் ஊதாவையும் ஊட்டி, அதனை மரத்திலன்றிக் கொடியில் தொங்கவிட்டால் விஸ்டீரியா கிடைத்துவிடும். இம்மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலால் இவ்வொப்புமை வெறும் தோற்றத்தோடு நின்றுவிடுவதன்று. மோனேயின் பந்தலில் ஊதாநிறப் பூக்களும் வெண்ணிறப் பூக்களும் கலந்து தொங்கின. வசந்தத்தில் அவை பூக்கும்போது பாலத்தின்மேல் ஒரு மலர்த்திரை. கீழே நீரில் அதன் நிழல்.

ஊதா மறைந்த கண்

அல்லிக்குளத்து ஓவியங்கள் 48ஐ 1909இல் பாரிசில் மோனே காட்சிக்கு வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, மனநிறைவு தராத பதினைந்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தம் கையாலேயே அழித்திருந்தார். 1911இல் மனைவி ஆலிசு மறைந்தார். 1912இல் இரு கண்களிலும் புரை இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1914 தொடக்கத்தில் மூத்த மகன் ழான் இறந்தார். அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஊரைவிட்டுப் பலரும் வெளியேறிய காலத்திலும் மோனே ஜிவெர்னியை நீங்கவில்லை. எழுபது வயதைக் கடந்து, துணையையும் மகனையும் இழந்து, பார்வையும் குன்றிவந்த அந்த நிலையில்தான் அவர் தம் வாழ்வின் மிகப்பெரிய பணியைத் தொடங்கினார். இரண்டு மீட்டர் உயரமுள்ள திரைச்சீலைகளில் குளத்தையே சுற்றிவரத் தீட்ட எண்ணினார். அதற்கெனப் பெரியதொரு பணிக்கூடம் கட்டப்பட்டது. சக்கரம் பொருத்திய தாங்கிகளில் சீலைகள் நிறுத்தப்பட்டன. கீழே அல்லிக்குளம் சுவரைச் சூழ, அதற்குமேல் தொங்கும் விஸ்டீரியாக் கொடிகள் ஒரு நீண்ட பட்டையாக ஓட வேண்டும் என்பது அவர் திட்டங்களுள் ஒன்று. அதற்காக 1917க்கும் 1920க்கும் இடையில் தீட்டப்பட்டவையே கொடி ஓவியங்கள்.

இங்குக் கண்புரையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். கண்ணின் வில்லை இளமையில் தெளிந்த கண்ணாடி போன்றது. புரை முற்றும்போது அது மஞ்சளாகி, பழுப்பாகி, மங்குகிறது. மஞ்சள் கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு நேர்வதே அப்போது நேரும். ஒளியின் குறைந்த அலைநீளப் பகுதி, அதாவது நீலமும் ஊதாவும், வில்லையால் தடுக்கப்பட்டு விழித்திரையைச் சரிவரச் சென்றடைவதில்லை. சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் மிகுந்து தெரியும். விளிம்புகள் கரையும். வெயிலில் கூச்சம் பெருகும். மோனே உச்சிவேளையில் வெளியே தீட்டுவதைத் தவிர்த்தார். வண்ணக் குழாய்களின்மேல் ஒட்டிய பெயரைப் பார்த்தும், தட்டில் எந்த வண்ணம் எங்கே இருக்கும் என்னும் மாறாத வரிசையை நினைவில் வைத்தும் பணியாற்றினார்.

இப்போது விஸ்டீரியாவின் நிறத்தை மீண்டும் நினையுங்கள். அது ஊதா. புரை எந்த நிறத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டிருந்ததோ அந்த நிறத்துப் பூவையே அவர் தீட்டத் தேர்ந்தார். கண்ணில் விழுவதை மட்டுமே தீட்டுவேன் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்ட ஓவியருக்கு, கண் ஒரு நிறத்தைத் தர மறுத்தபோது என்ன வழி? ஐம்பதாண்டுப் பழக்கமும் நினைவும் கையும் மட்டுமே எஞ்சியவை. குழாயின் பெயரைப் படித்து, இந்த வண்ணத்தை இந்த வண்ணத்தோடு வைத்தால் இப்படித் தோன்றும் என்று அறிந்து வைத்த அறிவைக்கொண்டு அவர் அந்தக் கொடியைத் தீட்டினார்.

பாரிசில் உள்ள மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இவற்றுள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் 1 மீட்டர் உயரமும் 3 மீட்டர் நீளமும் கொண்டது. இவ்வோவியங்களில் நிலம் இல்லை. பந்தற்கால் இல்லை. பாலம் இல்லை. கொடியின் வேர் எங்கே என்பதும் தெரியாது. மேல்விளிம்பிலிருந்து ஊதா, இளஞ்சிவப்பு, வெண்மை, பச்சை ஆகிய தீற்றல்கள் சரிந்து இறங்குகின்றன. அவற்றின் பின்னே வெளிர்நீலமாய் விண். சில இடங்களில் தூரிகை தண்டின் போக்கைத் தொடர்ந்து வளைந்து ஓடுகிறது. சில இடங்களில் பூவாக எதுவும் தெரியாமல் வண்ணம் மட்டும் நிற்கிறது. பார்ப்பவர் நிற்கும் இடமும் ஓவியத்தில் குறிக்கப்படவில்லை. பந்தலின்கீழ் நின்று தலையை அண்ணாந்து பார்த்தவருக்கு மட்டுமே இக்காட்சி கிட்டும். சித்தன்னவாசலின் தாமரைக்குளத்தையும் நாம் அண்ணாந்தே காண்கிறோம் என்பது இங்கு நினைவுக்கு வருகிறது. அங்கு இதழ்தோறும் கோடு உண்டு. இங்குக் கோடே இல்லை.

இக்கோடின்மை முழுவதும் நோயின் விளைவு என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. விளிம்பைக் கரைக்கும் முயற்சியை மோனே 1870களிலேயே, கண் நலமாக இருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டார். முதுமை ஓவியங்களுள்ளும் வேறுபாடுண்டு. 1918க்குப் பின் தீட்டிய ஜப்பானியப் பால ஓவியங்கள் சிலவற்றில் செம்மையும் பழுப்பும் கொழுந்துவிட்டு எரிகின்றன. அவற்றில் புரையின் தாக்கம் தெளிவாகவே தெரிகிறது. கொடி ஓவியங்களிலோ நீலமும் ஊதாவும் நிலைபெற்றிருக்கின்றன. நோய் அவர் கண்ணைப் பாதித்தது உண்மை. எந்த வண்ணத்தை எங்கு வைப்பது என்னும் முடிவை அது அவரிடமிருந்து பறிக்கவில்லை.

மோனேயின் நெருங்கிய நண்பர் கிளெமென்சோ போர்க்காலத்தில் பிரான்சின் தலைமையமைச்சராக இருந்தவர், மருத்துவமும் பயின்றவர். அறுவைச் சிகிச்சைக்கு அவர் பலமுறை வற்புறுத்தியும் மோனே அஞ்சித் தள்ளிப்போட்டார். ஒருவழியாக 1923 சனவரியில், 82ஆம் வயதில், வலக்கண்ணில் அறுவை நடந்தது. புரைபடிந்த வில்லை அகற்றப்பட்டதும் நேர்மாறான துன்பம் தொடங்கியது. எல்லாமே மிகுந்த நீலமாகத் தெரிந்தன. வண்ணக் கண்ணாடி அணிந்து அதனைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இடக்கண்ணில் அறுவை செய்துகொள்ள அவர் இறுதிவரை இசையவில்லை. அக்காலத்தில் புரை நீக்கினால் வெற்றிடமே எஞ்சும். இன்று செய்வதுபோல் கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்தும் முறை அப்போது இல்லை. நம் வீட்டு முதியோர் இன்று ஒரே நாளில் சிகிச்சை முடிந்து இல்லம் திரும்புவதைப் பார்ப்பவர்களுக்கு மோனேயின் அச்சம் மிகையாகத் தோன்றலாம். அக்காலத்தை வைத்தே அதனை அளக்க வேண்டும்.

சுவரைத் தேடிய ஓவியம்

சுவரிலோ மேற்கூரையிலோ தீட்டிய ஓவியத்திற்கு ஒரு நன்மை உண்டு. அதனைத் தூக்கிச் செல்ல இயலாது. பனைமலைத் தேவியும் சித்தன்னவாசல் குளமும் சிதைந்தாலும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. பெயர்த்து எடுக்கத்தக்க கலைப்பொருளின் கதை வேறு. செஞ்சியே இதற்குச் சான்று. 1750 முதல் 1761 வரை செஞ்சிக்கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. வேங்கடரமணர் கோயிலின் வேலைப்பாடு மிக்க தூண்கள் பல புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த கல்தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவையே என்பர். அத்தூண்கள் அங்கும் அழகாகவே நிற்கின்றன. எந்தக் கூரையைத் தாங்கச் செதுக்கப்பட்டனவோ அந்தக் கூரை மட்டும் அவற்றின்மேல் இல்லை.

மோனேயின் கொடி ஓவியங்களுக்கும் இத்தகையதொரு நிலையே நேர்ந்தது. போர்நிறுத்தம் 1918 நவம்பர் 11 அன்று கையெழுத்தானது. மறுநாளே மோனே கிளெமென்சோவுக்குக் கடிதம் எழுதி, தம் ஓவியங்கள் இரண்டை நாட்டுக்கு அளிக்க முன்வந்தார். அக்கொடை நாளடைவில் வளர்ந்தது. சிற்பி ரோதேனின் படைப்புகளைக் கொண்ட பிரோன் மாளிகைத் தோட்டத்தில், 1920இல், வட்டவடிவக் கட்டடம் ஒன்றை எழுப்பத் திட்டம் வகுத்தனர். சுற்றிலும் அல்லிக்குளம், அதன்மேல் விஸ்டீரியாக் கொடிகள். பழந்தமிழ் நாட்டின் சித்திரமாடங்களைப்போல ஓவியத்திற்கென்றே அமையும் கட்டடமாக அது இருந்திருக்கும். செலவு மிகும் என்பதால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதற்கு மாற்றாகத் துய்லெரித் தோட்டத்தின் ஒராஞ்செரி கிடைத்தது. குளிர்காலத்தில் ஆரஞ்சு மரங்களைக் காப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கூடம் அது. செடிகளுக்கென எழுந்த வீடு, செடி ஓவியங்களின் வீடாயிற்று. 1922இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நீள்வட்டமான இரு அறைகள் அமைக்கப்பட்டன. புதிய இடத்திற்கேற்பத் திட்டம் மாறியபோது குளம் அகன்று பெருகியது. கொடிக்கு இடம் இல்லாமற்போயிற்று. ஓவியங்களைக் கையைவிட்டுத் தர மனமின்றித் திருத்திக்கொண்டே இருந்த மோனே 1926 டிசம்பர் 5 அன்று காலமானார். 1927 மே மாதத்தில் ஒராஞ்செரி திறக்கப்பட்டது. இரண்டு மீட்டர் உயரமும் மொத்தம் ஏறத்தாழ 91 மீட்டர் நீளமும் கொண்ட எட்டுப் பெரும் ஓவியங்கள் இன்றும் அங்கு உள்ளன.

அவ்விடத்திற்கும் இடர் வந்தது. 1960களில் ஓவிய அறைகளின்மேல் மற்றொரு தளம் கட்டப்பட்டதால் வானிலிருந்து இறங்கிய இயற்கை ஒளி மறைந்துபோயிற்று. ஒளிக்காகவே வாழ்ந்தவரின் ஓவியங்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மின்விளக்கில் காட்டப்பட்டன! அத்தளத்தை இடித்து, பகலொளியை மீண்டும் உள்ளே விடும் பணி 2000இல் தொடங்கி 2006இல் நிறைவுற்றது. அது பெரும்பொருள் செலவான பணி. செய்யப்பட்டிருக்கவே வேண்டிய பணி.

கொடி ஓவியங்கள் நெடுங்காலம் ஜிவெர்னிப் பணிக்கூடத்திலேயே கிடந்தன. முதியவரின் மங்கிய பார்வையில் விளைந்தவை என்று ஒதுக்கியவர்களே அப்போது மிகுதி. 1950களில் கருத்து மாறத் தொடங்கியது. உருவங்களை விடுத்து வண்ணத்தை மட்டும் நம்பித் தீட்டிய புதிய அமெரிக்க ஓவியர்கள் அப்போது தலையெடுத்திருந்தனர். அவர்களைக் கண்ட கண்கள் மோனேயின் முதுமை ஓவியங்களையும் புதிதாகப் பார்த்தன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1955இல் பெரிய அல்லிக்குள ஓவியம் ஒன்றை வாங்கியது. மோனேயின் இளைய மகன் மிஷேல் 1966இல் காலமானபோது தம்மிடமிருந்த ஓவியங்கள் மார்மொத்தான் அருங்காட்சியகத்தைச் சேருமாறு எழுதிவைத்திருந்தார். ஒரே சுவரில் வரிசையாகத் தொங்க வேண்டிய கொடிகள் இன்று சிதறிக் கிடக்கின்றன. பாரிசில் சில, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி அருங்காட்சியகத்தில் ஒன்று, நெதர்லாந்தின் தி ஹேக் நகர அருங்காட்சியகத்தில் ஒன்று.

தி ஹேக் அருங்காட்சியகம் அந்த ஓவியத்தை 1961இல் வாங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமும் இரண்டு மீட்டர் அகலமும் உடையது அது. 2019இல் அதனைச் செப்பனிட எடுத்தவர்கள் வண்ணத்தில் சிறுசிறு கண்ணாடித் துணுக்குகள் பதிந்திருக்கக் கண்டனர். இரண்டாம் உலகப்போரில் ஜிவெர்னிப் பணிக்கூடத்தின் கண்ணாடிக் கூரை குண்டுவீச்சால் உடைந்தபோது தெறித்தவையாக அவை இருக்கலாம் என்று கருதினர். பிறகு ஓவியத்தை ஊடுகதிரால் ஆராய்ந்தனர். விஸ்டீரியாவின் அடியில் வேறோர் ஓவியம் மறைந்திருந்தது. பழைய சீலைமீது புதிதாகத் தீட்டுவது மோனேயின் வழக்கமன்று. அந்தச் சீலையில், முன்பு தீட்டிய அல்லிக்குளத்தின்மீதே அவர் கொடியைத் தொங்கவிட்டிருந்தார்.